தெருவும் துறையும் ஏலமும்: கோவில்பட்டி ஹாக்கியில் அணிகளை எடைபோட்ட வரலாறு

விளையாட்டுப் பருவம் தொடங்குமுன் களமிறங்கவிருக்கும் அணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதற்கு எந்த இடத்தில் பலம், எதற்கு எந்த இடத்தில் ஓட்டை என்று கணித்து எழுதும் வழக்கம், உருண்டை மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு முனைகளைச் சுற்றி ஓடிவரும் பேஸ்பால் ஆட்டத்தையொட்டி அமெரிக்கச் செய்தித்தாள்களில் வேரூன்றிய ஒன்றாகும். அந்நாட்டின் தொழில்முறைப் போட்டித் தொடரான நேஷனல் லீக் 1876-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1876-இல்தான். இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல் என்றாலும், இரண்டுக்கும் பின்னால் பஞ்சின் வரலாறு இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைமுகாம்களில் பேஸ்பால் பரவியது. அதே போரினால் அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது நின்றபோது, திருநெல்வேலிக் கரிசலில் விளைந்து ‘டின்னவெல்லி காட்டன்’ என்று வணிகப் பெயர் பெற்றிருந்த பஞ்சுக்கு என்றும் இல்லாத விலை கிடைத்தது. அந்தப் பஞ்சு நிலத்தின் நடுவிலுள்ள கோவில்பட்டியில் பேஸ்பாலுக்கு இடமில்லை. அங்கே மட்டை என்றால் ஹாக்கி மட்டைதான். எனினும் தொடருக்கு முன் அணிகளை எடைபோடும் பழக்கத்துக்கு அந்த ஊரிலும் ஒரு வரலாறு உண்டு. ‘அணி’ என்ற சொல் எதைக் குறித்தது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியதால், எடைபோடும் தராசும் அதற்கேற்ப மாறிவந்தது.

கோவில்பட்டி வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி நிலம். ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணில், ஐப்பசி மழையை ஒட்டிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்து, மாசி பங்குனியில் பருத்தி எடுத்து முடித்துவிட்டால், அடுத்த மழைவரை நிலத்தில் வேலை கிடையாது. இந்த நிலத்துக்கான பருத்தி ரகங்களையும் தானிய ரகங்களையும் ஆராய்வதற்காக 1901-இலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. கருங்கண்ணிப் பருத்தியின் மேம்பட்ட ரகங்கள் சில அங்கிருந்து வந்தவை. விளைந்த பஞ்சை நூலாக்க லாயல் மில், லட்சுமி மில் போன்ற ஆலைகள் வந்தன. மழை குறைவும் வெயில் மிகுதியுமான அதே வறண்ட தட்பவெப்பம் தீப்பெட்டித் தொழிலுக்கு ஏற்றதாக அமைந்ததால், சிவகாசி, சாத்தூரோடு சேர்ந்து கோவில்பட்டியும் தீப்பெட்டி ஊரானது. ஊர் வழக்கில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றே சொல்வார்கள். பயிர் இல்லாத, பள்ளி விடுமுறையான, வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதம் இங்கே போட்டிக் காலமானதற்கு இந்த வேளாண் நாட்காட்டியும் பள்ளி நாட்காட்டியும் பொருந்தி நின்றதே முதன்மைக் காரணம் எனலாம்.

நிலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஹாக்கி ஆட முடியாது. ஒவ்வொரு வெடிப்பும் பந்தை விழுங்கும், மட்டையின் வளைந்த நுனியைத் தடுக்கும். ஆகவே ஹாக்கித் திடல் என்பது செம்மண்ணும் சரளையும் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை உருட்டி இறுக்கியெடுத்த தரையாகவே இருந்தாக வேண்டும். கரிசலுக்கு நடுவே செவலைக் கொண்டுவந்து விரிப்பதற்கு ஒப்பானது அது. அவ்வாறு இறுக்கிய தரையிலும் பந்து நேராக உருள்வதில்லை. சிறு கல்லில் பட்டுத் துள்ளும், எதிர்பாராத பக்கம் திரும்பும். அதனால் மண்தரையில் வளரும் ஆட்டக்காரன் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து இடமும் வலமுமாகப் புரட்டிக்கொண்டே போகும் டிரிபிளிங் என்னும் வித்தையிலும், துள்ளும் பந்தைக் கணப்பொழுதில் அடக்கும் கைப்பழக்கத்திலும் தேர்ந்திருப்பான். வேகமாகத் தள்ளிவிட்டு ஓடி வாங்கும் கூட்டாட்டத்தில் அவ்வளவு தேர்ச்சி இருக்காது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியபோது இந்தியா முழுவதும் பட்ட அடி இதுதான். மண்தரையில் ஒருவனைச் சிறந்தவனாக்கிய குணங்கள் செயற்கைத் தரையில் பாதி விலைக்குப் போயின.

ஹாக்கி இந்தியாவுக்குப் பிரிட்டிஷ் படையினரோடு வந்தது. கல்கத்தாவில் 1885-ஐ ஒட்டிக் கழகங்கள் தோன்றின. 1895-இல் பெய்ட்டன் கோப்பை தொடங்கியது. 1925-இல் இந்திய ஹாக்கிச் சம்மேளனம் அமைந்து, மூன்றே ஆண்டுகளில், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வென்றது. கோவில்பட்டியிலும் ஆங்கிலேயர் காலத்திலேயே மட்டை வந்துவிட்டது என்பது ஊரில் வழங்கும் பேச்சு. அதைப் பிடித்துவைத்தவை பள்ளிக்கூடங்களே; வ.உ.சி. அரசுப் பள்ளி மைதானத்துக்கு ஊரின் ஹாக்கி நினைவில் தனி இடம் உண்டு. மாலையில் பள்ளித் திடலில் ஆடிய சிறுவர்கள் வளர்ந்தபின் தெருவின் பெயராலும் தலைவர்களின் பெயராலும் கழகங்கள் அமைத்துக்கொண்டனர். சுற்றுக் கிராமங்களிலும் அவ்வாறே அணிகள் தோன்றின. அணி என்ற சொல்லின் முதல் பொருள் இதுவாகும்: ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, மட்டைகளைத் தமக்குள் மாற்றிமாற்றிப் பிடித்த பதினொரு பேர். அப்படிப்பட்ட அணியை முன்கூட்டி எடைபோடுவதற்குத் தனியான தகவல் எதுவும் தேவைப்பட்டிருக்காது, ஏனெனில் பார்வையாளர்களுக்கு ஆட்டக்காரர்கள் பெயரோடு மட்டுமின்றி வீட்டோடும் பழக்கம். எவன் இந்த ஆண்டு ஊரைவிட்டு வேலைக்குப் போய்விட்டான் என்பது தெரிந்தாலே அணியின் நிலை தெரிந்துவிடும்.

ஊரைவிட்டுப் போவதே இரண்டாம் கட்டத்தின் தொடக்கம். ரயில்வே, வங்கிகள், காவல்துறை, ராணுவம், கடற்படை, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், கணக்காயர் அலுவலகங்கள் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய வேலைவாய்ப்பை விளையாட்டு ஒதுக்கீடு என்பர். அதன்வழி சேர்ந்தவர் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியராகவும், அந்நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு ஆடும் வீரராகவும் இருப்பார். இவ்வாறு அமைந்தவையே துறை அணிகள். இந்தியாவில் தொழில்முறை ஹாக்கி இருபத்தொன்றாம் நூற்றாண்டில்தான் பிறந்தது என்று எழுதுவோர் இந்தத் துறை அணிகளை மறந்துவிடுகின்றனர். ஆடுவதற்காகச் சம்பளம் என்பதே தொழில்முறையின் இலக்கணம் என்றால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு மைதானத்துக்குப் போன எழுத்தரும் தொழில்முறை வீரர்தான். வித்தியாசம், அவருக்கு ஓய்வூதியமும் இருந்தது என்பது மட்டுமே. மழை பொய்த்தால் பட்டினி, மழை பெய்தால் தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடக்கம் என்ற இரண்டுக்கும் நடுவே வாழ்ந்த குடும்பங்களுக்கு, ஒரு மகனின் மட்டை வழியே வீட்டுக்குள் வரக்கூடிய அரசுச் சம்பளம் எவ்வளவு பெரிய வாக்குறுதியாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. கரிசல் ஹாக்கியின் நீண்ட ஆயுளுக்கு ஆட்டத்தின் மீதான ஆசையைப் போலவே இந்த வாக்குறுதியும் காரணம்.

இதற்கு வெளிநாட்டு ஒப்புமைகள் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதிப் பஞ்சாலை ஊர்களில் ஆலைக்கு ஓர் அணி இருந்தது. சூலெஸ் ஜோ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட ஜோ ஜாக்சன், தென் கரோலினாவின் கிரீன்வில் நகரத்து பிராண்டன் மில்லில் சிறுவயதிலேயே வேலைக்குப் போய், பள்ளிப் படிப்பு இல்லாமலே அந்த ஆலையின் அணியில் ஆடி உயர்ந்தவர். ஜப்பானில் 1936-இல் தொடங்கிய தொழில்முறைப் பேஸ்பால் தொடரில் அணிகள் ஊரின் பெயரைக் காட்டிலும் நிறுவனத்தின் பெயரையே முன்னால் சூட்டிக்கொண்டன. யோமியூரி என்பது செய்தித்தாள். ஹான்ஷின், ஹான்க்யூ இரண்டும் ரயில் நிறுவனங்கள். ரயில்வேயின் பெயரில் அணி என்பது செக்கந்தராபாத்துக்கும் பெரம்பூருக்கும் மட்டும் உரிய விந்தையன்று. ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உள்ளது. ஜப்பானிய நிறுவனம் அணியை விளம்பரத்துக்காக வைத்திருந்து நுழைவுச்சீட்டு விற்றது. இந்தியத் துறை அணிக்கோ சொந்த மைதானமும் சொந்த ரசிகரும் கிடையாது. அது ஊர் ஊராகச் சென்று, பிறர் நடத்தும் கோப்பைகளில் ஆடியது. அதனால்தான் கோவில்பட்டி போன்ற ஊர்களில் நடத்தும் அகில இந்தியப் போட்டிகளுக்கு அவ்வளவு முக்கியத்துவம் வாய்த்தது. துறை அணிக்கு ஊர் இல்லை; ஊரிலோ அத்தகைய அணி இல்லை; இரண்டும் மே மாதத்தில் சந்தித்துக்கொண்டன.

அச்சந்திப்பின் பெரிய வடிவம், கே.ஆர். கல்வி நிறுவனங்களைச் சார்ந்தோர் நடத்திவரும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. கோடை வெயில் தணிந்தபின் மின்னொளியில் ஆட்டங்கள் நடக்கின்றன. டெல்லி, மும்பை, பெங்களூரு, செக்கந்தராபாத், போபால், சென்னை எனப் பல ஊர்களிலிருந்து ரயில்வே, வங்கி, படைத்துறை, விளையாட்டுக் கல்விக்கழக அணிகள் வருகின்றன. இப்படிப்பட்ட போட்டிக்கு முன் ஊரில் நடக்கும் எடைபோடல், தெரு அணி காலத்து எடைபோடலிலிருந்து வேறுபட்டது. வரும் அணியின் பதினொருவரையும் ஊரார் நேரில் அறியார். துறையின் பெயரை அறிவர். ஆகவே கணிப்பு துறையின் தன்மையைச் சுற்றியே அமையும்: இந்த ஆண்டு எந்தத் துறை புதிதாக ஆளெடுத்தது, தேசிய முகாமுக்கு எந்த அணியின் வீரர்கள் அழைக்கப்பட்டு அணி இளைத்திருக்கிறது, படை அணியின் உடல்திறன் கோடையின் புழுக்கத்தைத் தாங்குமா, பணி நியமனமே நின்றுபோன வங்கியின் அணியில் வயது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பன போன்ற கேள்விகள் அவை. ஓர் அலுவலகத்தின் ஆளெடுப்பு அறிவிக்கையை விளையாட்டுச் செய்தியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் உண்டு என்பது மிகைக் கூற்றாகாது.

இதற்கிடையே ஊரிலேயே வீரர்களை வளர்க்கும் ஏற்பாடும் வந்து சேர்ந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்றே சிறப்பு விளையாட்டு விடுதியை நடத்தி, மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் பயிற்சியும் கல்வியும் தந்தது. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் அமைந்தது. கரிசலுக்கு மேல் செவலை விரித்த ஊர், இப்போது அதற்கும் மேல் செயற்கை இழையை விரித்தது. தண்ணீருக்கு ஏங்கும் ஊரில், ஆட்டத்துக்கு முன் தரையை நனைத்தாக வேண்டிய மைதானம் என்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஆனாலும் அந்த ஈரத் தரை இல்லாமல் இனி ஒரு சிறுவனும் இந்திய அணியின் வாசலை எட்ட முடியாது என்பதும் உண்மை. 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் தேசிய ஜூனியர் ஆடவர் சாம்பியன்ஷிப் போட்டிகள் கோவில்பட்டியில் நடந்தன. ஒரு மாவட்டத் தலைநகர்கூட அல்லாத ஊர், ஆறு மாதத்துக்குள் இருமுறை நாட்டின் இளம் அணிகள் அனைத்தையும் வரவேற்றது.

அந்த 2022 மே மாதத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே சற்று விரிவாகக் குறிப்பிட வேண்டும். ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற எஸ். கார்த்தியும் இடம்பெற்றனர். தமிழ்நாட்டு ஹாக்கியின் பழைய புகழ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வி. பாஸ்கரன், 1996, 2000 ஒலிம்பிக்குகளில் ஆடிய முகமது ரியாஸ், 2004-இல் ஏதென்ஸ் சென்ற ஆடம் சின்கிளேர் ஆகியோரோடு நின்றுபோனதுபோல் தோன்றிய காலம் அது. மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், தம் அறிமுகப் போட்டியிலேயே கார்த்தி கோல் அடித்தார். ஆட்டம் 1–1 என்று சமனில் முடிந்தது. அதே நாட்களில் கோவில்பட்டித் திடலில் ஜூனியர் சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது. ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை இந்தியா 5–0 என வென்ற ஆட்டத்தின் முதல் கோலும் கார்த்தியுடையதே.

அணி என்ற சொல்லின் மூன்றாம் பொருள், நகரப் பெயரும் விலங்குப் பெயரும் தாங்கிய லீக் அணி. இதன் முன்வரலாறு தடுமாற்றம் நிறைந்தது. 2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் என்ற அணி ஆடியது. முதல் பட்டத்தை ஹைதராபாத் சுல்தான்ஸ் வென்றது. 2012-இல் ஒரே ஒரு பருவம் நடந்த உலக ஹாக்கித் தொடரில் சென்னை சீட்டாஸ் இருந்தது. இரு நிர்வாக அமைப்புகளின் பூசலில் அத்தொடரும் அத்தோடு முடிந்தது. 2013-இல் ஹாக்கி இந்தியா அமைப்பு தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கோ, 2017-இல் நிற்கும்வரை தமிழ்நாட்டுக்கென்று ஓர் அணியைக் கண்டதில்லை. கரிசல் ரசிகர் ஐந்து பருவங்கள் ராஞ்சியையும் டெல்லியையும் பஞ்சாபையும் பார்த்துத் திருப்தியடைய வேண்டியிருந்தது.

அந்த லீக் 2024-இல் மீண்டும் உயிர்பெற்றபோது, சார்லஸ் குழுமத்தின் உரிமையில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி உருவாயிற்று. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 24 வீரர்கள், அவர்களுள் குறைந்தது 16 பேர் இந்தியர், அந்த 16-இல் நால்வர் ஜூனியர். எட்டுப் பேர் வெளிநாட்டினர். செலவிட 4 கோடி ரூபாய் வரம்பு. வீரர்கள் 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்ற அடிப்படை விலைகளில், அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்சத் தொகையில், பட்டியலிடப்பட்டனர். 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கும், அர்ஜென்டினாவில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடும் கொன்சாலோ பெய்யாவை ஹைதராபாத் தூபான்ஸ் 68 லட்சத்துக்கும், நெதர்லாந்தின் யிப் யான்செனை டிராகன்ஸ் 54 லட்சத்துக்கும் வாங்கின. மூவரும் டிராக் ஃபிளிக் நிபுணர்கள் என்பது கவனத்துக்குரியது. கோலுக்கு முன்னுள்ள ‘டி’ என்னும் அரைவட்டப் பகுதியில் எதிரணி தவறிழைக்கும்போது கிடைக்கும் வாய்ப்பு பெனால்டி கார்னர். அப்போது பந்தை மட்டையோடு இழுத்துவந்து சுண்டி எறிவது டிராக் ஃபிளிக். ஓர் ஆட்டத்தில் சில நிமிடங்களே தேவைப்படும் இவ்வித்தைக்கு இவ்வளவு விலை ஏறியது, ஆட்டத்தின் நவீன இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. இதே லீக் 2016, 2017 பருவங்களில், திறந்த ஆட்டத்தில் அடிக்கும் கோலுக்கு இரண்டு கோல் கணக்குத் தந்து இந்தச் சாய்வைத் திருத்தப் பார்த்ததுண்டு.

ஆகவே டிராகன்ஸ் அணியைப் பருவத்துக்கு முன் எடைபோட முனைந்தவர்முன் இருந்தவை முற்றிலும் புதிய பொருள்கள். கோல்காப்பில் அயர்லாந்தின் டேவிட் ஹார்ட், தற்காப்பில் 48 லட்சத்துக்கு வாங்கிய அமித் ரோஹிதாஸ், பெனால்டி கார்னருக்கு யான்சென், முன்வரிசையில் ஆஸ்திரேலியர்கள், பயிற்றுநராக ரைன் வான் ஐக். இவர்களிடையே கோவில்பட்டி விடுதியில் வளர்ந்த கார்த்தி. காகிதத்தில் இது பின்வரிசை கனத்த அணி. ஆனால் ஒருவரோடொருவர் ஆடிப் பழகாத இருபத்துநால்வர் சில வாரங்களில் எவ்வளவு இணங்குவர் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. தெருவணி காலத்தில் இது கேள்வியாகவே எழாது. தொடர் 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கேலாவில் தொடங்கியது. 2025 பிப்ரவரி 1 அன்று இறுதியாட்டத்தில் ஸ்ராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ், ஹைதராபாத் தூபான்ஸை 4–3 என வென்றது. டிராகன்ஸ் நான்காம் இடம் பெற்றது. தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணியைத் தமிழ்நாட்டார் அந்தப் பருவம் முழுவதும் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது. மகளிர் பிரிவில் அப்போது தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. துறை அணிக்கு ஊர் கிடையாது என்று முன்னர் சொன்னது, ஊரின் பெயரையே சூடிய இந்த அணிக்கும் முதல் பருவத்தில் பொருந்தியே இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் தொடங்கிய 24 நாடுகளின் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, கோவில்பட்டிக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உலக ஹாக்கி வந்திறங்கியது. ஜெர்மனி பட்டம் வென்றது, இந்தியா வெண்கலம் பெற்றது. 2026 ஜனவரியில் லீக்கின் ஆட்டங்கள் சென்னைக்கும் வந்தன. கோடைக்கால அகில இந்தியப் போட்டிகளுக்கான நோட்டீஸ்களில் அணிகள் இன்னும் துறைவாரியாகவே அச்சாகின்றன. ஜனவரியில் ஏலத்தொகையோடு சேர்த்துப் பேசப்படும் வீரர், மே மாதத்தில் தம் அலுவலகத்தின் பெயர் பொறித்த சட்டையோடு கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கவும் கூடும்.